ஏழாவது முள்ளெலும்பு

டாக்டர் எழுதியதற்கு எண் போட வேண்டும். எழுதாததற்குப் போடக் கூடாது. பாளையங்கோட்டையில் உட்கார்ந்து அமெரிக்க டாக்டர்களின் குறிப்புகளுக்கு இன்சூரன்ஸ் எண் போடும் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கும் ஜாய்சிக்கு அதுதான் பத்துக் கட்டளையும்.

பக்கத்து சீட் ஜெர்வின் ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தான். "எவனோ என் சேரைத் தாழ்த்தி வைக்கான்க்கா. தடுப்புக்கு மேல மாதா கோயில் கோபுரம் தெரியும்லா, இப்ப தெரிய மாட்டேங்கு." சேரில் ஒரு பழுதும் இல்லை. இன்று முதுகுவலி என்று லீவு போட்டுவிட்டான்.

அவன் பார்த்துவந்த கேஸ் ஜாய்சிக்கு வந்தது. அமெரிக்காவில் ஒரு முதியவர், முதுகெலும்புத் தேய்மானம். மனிதருக்கு இடுப்பில் ஐந்து முள்ளெலும்பு. இவருக்குப் போன மாதம் ஆறு. அபூர்வமாகச் சிலருக்கு அப்படி உண்டு. ஆனால் இந்த மாதம் ஏழு என்று இருந்தது.

தப்பாக டைப் அடித்திருப்பார்கள் என்று டாக்டரிடமே கேட்டு அனுப்பினாள். பதில் வந்தது: "ஏழுதான். வலி குறைந்திருக்கிறது. உயரமும் கூடியிருக்கிறது."

டாக்டரே எழுதிவிட்டார். எண்ணைப் போட்டு அனுப்பினாள்.

உடனே போன் அடித்தது. ஜெர்வின்தான்.

"யக்கா, அந்த அமெரிக்கா தாத்தா ஒங்கட்டயா வந்தாரு?"

"இப்பதாம்ல முடிச்சேன். ஏன்?"

அவன் கேட்டான். "அங்கன இருந்து கோபுரம் தெரியுதா?"

ஜாய்சி நிமிர்ந்தாள். காலையில் முழுசாகத் தெரிந்த கோபுரத்தில் சிலுவையின் நுனி மட்டும் தடுப்புக்கு மேலே நின்றது. சேர் இறங்கவில்லை. அவள் கை தானாக இடுப்புக்குப் போய் எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவியது. ஐந்தாவதைத் தேடிக்கொண்டே இருந்தது.