ஞாயிற்றுக்கிழமைக் கோளாறு

அமெரிக்காவின் ஓஹையோவில் வெண்டல் என்பவனின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாரம் முழுக்கப் பறக்கும். ஞாயிறு மாலை மட்டும் மக்கர் செய்யும்.

விவாகரத்துக்குப் பிறகு மகள் டெஸ் வார இறுதியில்தான் அவனிடம் வருவாள். அவளை அம்மா வீட்டில் விடப் போகும்போது, வழியில் ஹாம்பர்கர் வாங்க நிறுத்துவான். வாங்கி வந்தால் கார் கிளம்பாது.

"ஷெட்டுக்கு வந்தா சமர்த்தா ஓடுதே, நான் என்னத்தப் பாக்குறது?" என்று மெக்கானிக் கை விரித்தான்.

போனில் டெஸ்ஸின் அம்மா கோரின் கத்தினாள். "இன்னொரு தடவ உன் கார் நின்னுச்சுன்னா பிள்ளைய அனுப்ப மாட்டேன். கோர்ட்டுக்குப் போவேன்!"

வெண்டல் காரை விற்றான். அதன் உறுமல் தெருமுனையில் மறையும்வரை வாசலிலேயே நின்றான். பிறகு புத்தம் புதிதாய், சாம்பல் நிறத்தில், சாதுவான குடும்பக் கார் ஒன்றை வாங்கினான்.

அடுத்த ஞாயிறு, டெஸ் காத்திருந்த காருக்கு ஹாம்பர்கரோடு வந்து ஸ்டார்ட் செய்தான். சத்தமே இல்லை.

"போச்சு. இனிமே உங்கம்மா உன்னை அனுப்ப மாட்டா" என்று ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தான்.

டெஸ்ஸின் முகம் வெளுத்தது. "அம்மா அப்படியா சொன்னாங்க? அதுக்கா அந்தக் காரை வித்தீங்க?"

"வேற என்ன செய்யச் சொல்ற?"

"அதுல ஒரு கோளாறும் இல்லப்பா. உங்ககூட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்னுதான்..."

மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளே, புதுக் காரின் ஃப்யூஸ்.