பெயர் மறைத்த லாரி

வீடு மாற்ற ஆள் தேடுகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்பது ஸ்டோயனுக்கு மனப்பாடம். எவ்வளவு ஆகும், கண்ணாடிச் சாமான் உடையாமல் வருமா, ஆட்கள் நம்பகமானவர்களா?

பிலியானா என்ற இந்தப் பெண் போனில் கேட்டது வேறு.

"உங்க லாரியில கம்பெனி பேரு எழுதியிருக்குமா?"

"பெருசா எழுதியிருக்கும்மா."

"அதை மறைச்சு எடுத்துட்டு வர முடியுமா? அப்புறம்... சாமானை எங்க இறக்கினீங்கன்னு யாராவது வந்து கேட்டா, சொல்லிடுவீங்களா?"

வேறு கம்பெனி பார்த்துக்கொள்ளுங்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று ஸ்டோயனுக்கே விளங்கவில்லை. குரலில் ஏதோ ஒன்று. ஆனால், குரலை நம்பித்தான் அவர் முன்பும் மாட்டிக்கொண்டார். கையில் சாவியோடு வந்து நின்ற ஒருவன் "என் வீடுதான்" என்றான். மொத்தத்தையும் ஏற்றி இறக்கிய பிறகுதான், அது அவன் அண்ணன் வீடு என்று தெரிந்தது. நீஷ் நகரக் காவல் நிலையத்தில் நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால் கம்பெனியை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

அதனால், லாரியில் இருந்த பெயரைத் தார்ப்பாயால் மறைத்து எடுத்துப் போனாலும், வாசலிலேயே அடையாள அட்டையைக் கேட்டார். அவள் காட்டினாள். விலாசம் சரியாக இருந்தது.

"வீடு யார் பேர்ல?"

"என் வீட்டுக்காரர் பேர்ல."

"அவர் எங்க?"

"ஹீட்டர் ரிப்பேர் பண்றவர். வேலைக்குப் போயிருக்கார். மத்தியானம் சாப்பிட வந்துடுவார். அதுக்குள்ள கிளம்பிடணும்."

"அவருக்கு இது தெரியுமா?"

அவள் தையல் மெஷினைப் போர்வையால் சுற்றத் தொடங்கினாள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டுத்தான் முதல் பெட்டியைத் தூக்க விடுவார்கள். இங்கே அடுப்பே பற்றவைக்கவில்லை.

"காபி கூட இல்லண்ணே" என்று முணுமுணுத்தான் கூட வந்த மிலுடின். "நாம வீடு மாத்த வந்தோமா, திருட வந்தோமா?"

"வாயை மூடிட்டுத் தூக்கு."

கீழ்த்தளத்து ஜன்னலில் திரை விலகியிருந்தது. காதில் போனோடு பருத்த பெண்மணி ஒருவர் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெட்டி இறங்கினால் போனில் ஏதோ சொல்வார். அடுத்தது இறங்கினால் மறுபடியும் சொல்வார்.

"ராதோய்காம்மா" என்றாள் பிலியானா. முகம் வெளுத்திருந்தது. "எங்க வீட்டுல தட்டு விழுந்தாக்கூட அவங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர்கூட ரொம்பப் பழக்கம். இந்நேரம் சொல்லியிருப்பாங்க."

அவள் எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான். டிவியை விட்டாள், ஃபிரிட்ஜை விட்டாள், சோபா பக்கமே போகவில்லை. வீட்டைச் சுருட்டுகிறவள் டிவியை விடுவாளா என்று மிலுடின் கேட்டான். ஸ்டோயனும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய பிள்ளையின் கட்டிலைக் கழற்ற உள்ளறைக்குப் போனபோது, கதவின் உட்புறம் கண்ணில் பட்டது.

ஒரு தாழ்ப்பாள் பிய்ந்து வந்த தழும்பு. அதற்குக் கீழே இன்னொன்று, மரத்தோடு பெயர்ந்து. அதற்கும் கீழே, புதிதாக ஒன்று, ஆணி வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மிலுடினும் பார்த்தான். அதன்பிறகு அவன் காபியைப் பற்றிப் பேசவில்லை. அடையாள அட்டை கேட்டதை நினைத்தபோது ஸ்டோயனுக்கு வாய் கசந்தது.

கட்டிலின் துருப்பிடித்த திருகுகள் லேசில் கழன்று வரவில்லை. கீழே இறக்குவதற்குள் தேவாலய மணி நண்பகல் அடித்து ஓய்ந்துவிட்டது.

படியில் ராதோய்கா வழிமறித்தார்.

"ஏம்ப்பா, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"கேட்டா சொல்லேன்."

"இதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார் ஸ்டோயன். அந்த அம்மாள் உடனே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவுக்குப் பின்னால் மறுபடியும் போன் பேச்சு.

பிலியானாவின் கணவனுக்குச் சொல்லிவிட்டார். தெருமுனையில் எந்தக் கார் திரும்பினாலும் ஸ்டோயன் கையிலிருந்ததை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இனி அவன் வந்தால் நடுவில் நிற்க வேண்டியவர் தாம்தான் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

அவன் வரவில்லை. சாப்பாட்டு நேரம் கடந்தும் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு நேராக ஊரைத் தாண்டிவிட வேண்டும் என்று பிலியானா சொல்லியிருந்தாள். ஜன்னலுக்குத் தெரியாதபடி, லாரியின் முன்சீட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

கயிற்றைக் கட்டி முடித்தபோது ஸ்டோயனுக்கு மனசு என்னவோ செய்தது. வீடு மாறிப் போகிறவர்களுக்குப் பின்னால் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்ற யாராவது வந்து நிற்பார்கள், போகிற வழி தண்ணீராய்த் தடங்கலின்றி ஓடட்டும் என்று. அம்மாவோ, தோழியோ, பக்கத்து வீடோ. இவளுக்கு யாருமில்லை.

வண்டியைக் கிளப்பினார். பக்கக் கண்ணாடியில் கீழ்த்தளத்துக் கதவு திறந்தது. ராதோய்கா தெருவுக்கே வந்துவிட்டார். வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ளத்தான் வருகிறார் என்று ஸ்டோயன் நினைத்தார்.

ஒரு கையில் வாளி. தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்.

லாரி நின்றிருந்த இடத்தில் வாளித் தண்ணீர் முழுவதையும் ஊற்றினார் அந்த அம்மாள். திறந்திருந்த லாரி ஜன்னல் வழியே அவருடைய கனத்த குரல் தெளிவாகக் கேட்டது.

"போதும் அக்கா, கிளம்பிட்டாங்க. இனிமே உன் வீட்டு ஹீட்டரைக் கெடுக்க வேண்டாம். சரியாயிடுச்சுன்னு சொல்லி அவனை அனுப்பிடு."