ஒல்லியின் பூட்டு

முதல் அடி மேற்பார்வையாளரின் தோளில் விழுந்தது. இரண்டாவதை அவர் மணிக்கட்டுக்கே அவள் குறி வைத்தாள்.

மரப்பெட்டிகளை அடித்து மூடும் சுத்தியல் அது. எலும்பு முறிந்த சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது. பக்கத்தில் அரவை எந்திரம் ஓடும்போது அந்தக் கூடத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. போதாக்குறைக்கு எல்லார் காதிலும் அடைப்பான். ஆனால் முறிந்தது சுத்தியலின் பிடி வழியாக அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

அவருடைய மறுகையிலிருந்த பெரிய கத்தரி நழுவித் தரையில் விழுந்தது. அதைக் கொண்டு அவர் வெட்டிய பூட்டும் அங்கேதான் கிடந்தது. சிவப்புப் பூட்டு, எண் பதினான்கு.

சோப்புக் கலவைத் தொட்டிக்குள் இறங்குகிறவன் முதலில் வெளியே இருக்கும் சுவிட்சின் கைப்பிடியில் தன் பூட்டைப் போடவேண்டும். சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்கவேண்டும். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அவனே ஏறி வந்து திறக்கும்வரை வேறு யாரும் கைப்பிடியைத் தொடக்கூடாது. சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

மேற்பார்வையாளருக்குச் சுவரைப் படிக்க ஏது நேரம்? தொழிலாளர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே அர்ஜன்ட். பதினான்கு, காலை ஷிப்ட் ஒல்லியின் பூட்டு. ஒல்லி இரண்டு மணிக்கே கைரேகை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். பூட்டை மறந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கலாம். அதற்கு ஏழு படி ஏறவேண்டுமே!

கிளம்பும்போது ஒல்லி தன் பூட்டை இரவல் கொடுத்துவிட்டுப் போனதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். வாங்கியவன் அவள் கணவன். காலையில் வீட்டில் ஆடிய ஆட்டத்தில் தன் பூட்டை எடுக்க மறந்து வந்திருந்தான். இப்போது தொட்டிக்குள், சோப்பைக் கலக்கும் ஆளுயரக் கத்திகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, காய்ந்த சோப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அவள் தொண்டை கிழியக் கத்தினாள். பேக்கிங் பெண் ஒருத்தி வெறி பிடித்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. முறியாத கையைக் கைப்பிடிக்குக் கொண்டுபோனார். கை போனாலும் வேலை நிற்கக்கூடாது அவருக்கு.

அந்தக் கையை அவள் கடித்தாள். கிரீஸும் ரத்தமும் சேர்ந்து வாயில் கரித்தது. விடவில்லை. அவர் முழங்கையால் முகத்தில் இடித்தார். மூக்கு உடைந்தது. இன்னொரு இடி. முன்பல் ஒன்று உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது.

வீட்டில் வாங்குவதோடு பார்த்தால் இதெல்லாம் அரைகுறை அடி. இன்று காலை விலாவில் வாங்கிய உதைதான் இப்போது மூச்சு விடவிடாமல் பிடித்து இழுத்தது.

சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஒருவன் அவள் முடியைக் கையில் சுற்றி இழுத்தான். இன்னொருவன் இடுப்பைப் பிடித்தான். கைப்பிடி மேலே போனால் மின்சாரம். அவள் இரண்டு கையாலும் அதைப் பற்றி, முழுப் பாரத்தையும் போட்டுக் கீழே தொங்கினாள். அவர்கள் இழுத்த இழுப்பில் தலை மின்பெட்டியில் மோதியது. மறுபடியும் மோதியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கை மட்டும் விடவில்லை.

யாரோ ஒரு புண்ணியவான் அரவை எந்திரத்தை நிறுத்தினான்.

கூடம் அடங்கியது. காதடைப்பானைப் பிடுங்கிய எல்லாருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. தொட்டிக்குள் கரக், கரக் என்று யாரோ சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

முடியைப் பிடித்திருந்தவன் சூடு பட்டவன்போலக் கையை எடுத்தான். அர்ஜன்ட் அப்படியே தரையில் உட்கார்ந்து, முறிந்த கையை மடியில் போட்டுக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

விஷயம் தெரிந்து மேலே ஏறி வந்த கணவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. எல்லார் முன்னிலையிலும் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, தன் சட்டையைக் கழற்றி அவள் வாயைத் துடைத்தான். ஒன்பது வருஷக் குடித்தனத்தில் இது முதல் தடவை. பேக்கிங் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து, மூக்கில் பஞ்சோடு அவள் பாதுகாப்பு அதிகாரியின் அறையில் உட்கார்ந்திருந்தாள். கணவன் அவள் தோளில் கை வைத்தபடி பின்னால் நின்றான். அதிகாரி கேமராப் பதிவை ஓடவிட்டார்.

திரையில் அர்ஜன்ட் பூட்டில் கத்தரியை வைக்கிறார். வழுக்குகிறது. மறுபடி வைக்கிறார். ஓரத்தில் அவள், கையில் சுத்தியலோடு, அவரைப் பார்த்தபடி நிற்கிறாள். தலையைத் திருப்பித் தொட்டியைப் பார்க்கிறாள். பிறகு மறுபடியும் பூட்டை. பூட்டு அறுந்து விழுகிறது. அப்போதும் நிற்கிறாள். அவர் கை கைப்பிடிக்குப் போன பிறகுதான் ஓடுகிறாள்.

திரையின் அடியில் ஓடிய எண்களைப் பார்த்தால் அவள் நின்றது பதினோரு நொடி.

அதிகாரி நல்ல மனுஷர். "அந்த நேரத்துல யாருக்குமே கையும் ஓடாது, காலும் ஓடாதும்மா" என்றார்.

அவள் தலையாட்டினாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

தோளில் இருந்த கை நகரவில்லை.

"சார், அத இன்னொரு தடவ போடுங்க" என்றான் கணவன்.