எல்லோரும் பார்த்த பச்சைச் சேலை

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, கூடத்தில் காலி மோர் டம்ளர்களின் மேல் ஜன்னல் வெயில் விழுந்து கிடக்கிறது. மருமகள் புவனாவுக்குப் போத்தனூரில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. அந்த உத்தரவுக் கடிதத்தின் மேல் மாமியார் பழனாத்தாள் தண்ணீர்ச் சொம்பை வைத்திருக்கிறார். "கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போகமாட்டேன்னு நிச்சயத்தன்னிக்கே சொன்னியே அம்மணி." "ஆமாங்கக்கா, வெத்தலை மாத்தும்போது சொல்லுச்சு," என்று அவர் தம்பி பாலுசாமி பாக்கை மென்றபடி சேர்க்கிறார். "பச்சைச் சேலை கட்டிட்டு, தலையைக் குனிஞ்சுட்டு," என்கிறாள் நாத்தனார் லோகப்பிரியா. ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்ப நிரப்ப, புவனாவுக்கே தன் குரல் காதில் கேட்பதுபோல் இருக்கிறது. ஒரு நொடிதான். சொம்பின் ஈரம் கடிதத்தில் வட்டமாகப் பரவுவதைப் பார்த்ததும் அவள் காது சூடாகிறது. "ஏனுங்கத்தை, வெத்தலை மாத்துனது அன்னூர்க் கோயில்லதானுங்க. பெரியவங்க மட்டுந்தான போனீங்க? பொண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போற வழக்கமே நம்மள்ள இல்லீங்களே. நான் அன்னிக்கு எங்க ஊட்டுல இருந்தேன்." பாலுசாமி வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிறார். புவனா கணவனைப் பார்க்கிறாள். தனபால் நிஜமாகவே யோசிக்கிறான். பொய் சொல்கிறவனின் முகம் இல்லை அது. "பச்சைச் சேலைதான் புவனா. எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குது." அவள் சொம்பை நகர்த்திக் கடிதத்தை எடுத்து, முந்தானையால் ஒற்றுகிறாள். "விட்டா, வேலையே வேண்டாமுன்னு நானே எழுதிக் குடுத்ததாவும் உங்களுக்கெல்லாம் ஞாபகம் வந்துருமுங்க. அதுக்கு முன்னாடி, நாளைக்குக் காலைல எட்டு மணி பஸ்ஸுக்கு நான் போறேனுங்க."