முடியாது என்று சொல்லக் கூடாது

“நீதான் கேட்கணும்மா. நான் வந்து உங்க மேனேஜர்கிட்ட கேட்டா நல்லாவா இருக்கும்?”

“முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னா? அப்புறம் தினமும் அதே ஆபீஸ்ல அவங்க முகத்துல எப்படிப்பா முழிக்கிறது?”

“அதுவும் சரிதான். அப்போ விட்டுடு.”

சொல்லிவிட்டு அப்பா பாத்திரம் கழுவப் போனார். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினார்.

ஆனால் அவளால் விட முடியவில்லை. மழைக்காலத்தில் பேசிய பேச்சு, வெயில் வந்த பிறகும் தொண்டையிலேயே நின்றது. அவள் வேலை அப்படி. மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர். எதைக் கையில் கொடுத்தாலும், அது எங்கெங்கே கெட்டுப்போகும் என்று யோசித்துச் சொல்ல வேண்டும். சொந்த விஷயத்திலும் அதே மாதிரி யோசித்து யோசித்து, வாயைத் திறக்கும் முன்பே எல்லாம் கெட்டுப்போய்விட்டதாக முடிவு கட்டியிருந்தாள்.

இன்று பெண் மென்பொருளாளர்கள் மாநாட்டுக்கு வந்து, மேனேஜர் மேடத்துக்கும் வானொலிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தப் பேச்சுதான் காதில் ஓடியது. வானொலி என்பது பக்கத்து சீட்டுக்காரிக்கு ஆபீஸ் வைத்த பெயர். அவளிடம் ஒன்று சொன்னால், சொன்னவர் லிஃப்டில் இறங்குவதற்குள் அது எல்லா மாடிக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

“இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்டி,” வானொலி காதைக் கடித்தாள். “டீம் லீட் சீட் காலியாத்தான் கிடக்கு. மேடமும் நல்ல மூட்ல இருக்காங்க. கேட்டுடு.”

“நான் ஏதோ கேட்கப் போறேன்னு உனக்கு யார் சொன்னா?”

“மேடம் ரூம் வாசல் வரைக்கும் போறே, தண்ணியைக் குடிச்சிட்டுத் திரும்பி வர்றே. இதுக்கு ஜோசியமா பார்க்கணும்?”

அவள் தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் தள்ளினாள்.

மேடையில் நான்கு பேர், வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறோம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மேடம் இவர்கள் பக்கம் சாய்ந்தார்.

“எனக்கு இந்தத் தொல்லையே கிடையாது. என் வீட்டுல நானும் என் மீன் தொட்டியும்தான். ஏன் லேட்டுன்னு மீன் கேட்கவா போகுது?”

வானொலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேடமும் சிரித்தார். ஆனால் சட்டென்று சிரிப்பை முடித்துக்கொண்டு மேடைப் பக்கம் திரும்பிவிட்டார்.

டீ குடிக்கும் நேரத்தில் ஒரு பெண் வந்து, திரும்பிப் போக டாக்சி வேண்டுமா என்று கேட்டாள்.

“வேண்டாம்மா. இவ அப்பா கார் கொண்டு வருவார்,” என்றார் மேடம்.

ஆபீஸ் நாட்களிலும் அப்படித்தான். மகளை அழைத்துப் போக வரும் அப்பா, போகிற வழியில் மேடத்தை அவர் தெருமுனையில் இறக்கிவிடுவார்.

“தினமும் ஓசி சவாரி வேற கொடுக்கறீங்க. இதைவிடவா சிபாரிசு வேணும்? தைரியமா கேளுடி,” வானொலி முழங்கையால் இடித்தாள்.

டீக்குப் பிறகு அரங்கத்து நாற்காலிகளை எல்லாம் ஜோடி ஜோடியாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சீனியருக்கும் எதிரில் ஒரு ஜூனியர். மேடத்துக்கு எதிரில் அவள்.

“கேட்கத் தயங்கித் தயங்கியே நாம பாதியைக் கோட்டை விடறோம்,” என்றார் மைக்கில் தொகுப்பாளர். “இத்தனை நாளா கேட்காம வெச்சிருக்கற ஒண்ணை, இப்போ எதிர்ல இருக்கறவங்ககிட்ட கேளுங்க. அவங்க முடியாதுன்னு சொல்லக் கூடாது. ‘சரி’ன்னு சொல்லலாம். இல்லேன்னா ‘எப்போ?’ன்னு கேட்கலாம். வேற பதிலே கிடையாது.”

மணி அடித்ததும் அரங்கம் சந்தைக்கடை ஆனது. ஒருத்தி சம்பள உயர்வு கேட்டாள். இன்னொருத்தி வெள்ளிக்கிழமை மீட்டிங்கையே ஒழிக்கச் சொன்னாள். பக்கத்து நாற்காலியில் வானொலி வேறு கம்பெனி அம்மாளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

“மேடம்... வந்து...”

“இரு, இரு.” மேடம் கையமர்த்தினார். “டீம் லீட் போஸ்ட்னா கேட்கவே வேண்டாம். அது உனக்குத்தான்னு முடிவாயிடுச்சு. திங்கட்கிழமை சொல்லலாம்னு இருந்தேன். அதைக் கேட்டு இந்தச் சான்ஸை வீணாக்காதே. வேற ஏதாவது கேளு.”

“நான் அப்பவே சொன்னேன்ல!” என்று வானொலி நாற்காலியோடு துள்ளினாள். “ட்ரீட் இன்னிக்கே வேணும், சொல்லிட்டேன்!”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். பிறகும் கையை விடவில்லை.

காலையில் அப்பா நின்ற கோலம் நினைவுக்கு வந்தது. “மாநாடு எனக்குத்தானே, நீங்க எதுக்குப்பா புதுச் சட்டையைத் தேய்ச்சுப் போட்டிருக்கீங்க?” என்று கேட்டிருந்தாள். “சாயங்காலம் உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரணும்ல,” என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார் அப்பா.

“மேடம், நான் கேட்க வந்தது லீட் போஸ்ட் இல்லை.”

“பின்னே?”

நேரம் முடியப் போகிறது என்று மைக் சொன்னது. இது எங்கெங்கே கெட்டுப்போகும் என்று இந்த ஒரு தடவை அவள் யோசிக்கவில்லை.

“அம்மா போனதுக்கப்புறம் வீட்டுல அப்பாவும் நானும்தான். நீங்க இனிமே தெருமுனையில இறங்க வேண்டாம் மேடம். எங்க அப்பாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, அந்த மீன் தொட்டியோட எங்க வீட்டுக்கே வந்துடறீங்களா?”