ஒரிஜினல் சீட்

பழைய வண்டி வியாபாரி, வீட்டு வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளைக் கண்ணாலேயே கழற்றிப் போட்டுவிடுகிறவர் போல மூன்று முறை சுற்றி வந்தார்.

"நல்லா ஊர் சுத்தியிருக்கீங்க சார். கைப்பிடி தேஞ்சிருக்கு, கிக்கர் தேஞ்சிருக்கு, முன் சீட்ல பள்ளமே விழுந்திருக்கு. பின் சீட் மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி மினுங்குது. மாத்திட்டீங்களா?"

"இல்லீங்க. முப்பத்தோரு வருஷமா அதே சீட்தான். ஒரிஜினல்."

"என்கிட்டயேவா? சரி, எதுக்கு விக்கிறீங்க?"

"ரிட்டயர் ஆயிட்டேன். முட்டி வலி, வேறென்ன."

"எங்க, ஸ்டார்ட் பண்ணுங்க பாப்போம்."

வீட்டுக்காரர் ஒரே உதையில் வண்டியைக் கிளப்பினார். வியாபாரி சிரித்துவிட்டார்.

"சீட்டும் பொய், முட்டி வலியும் பொய். இன்ஜின்ல என்னத்த சார் மறைக்கிறீங்க?"

சத்தம் கேட்டு, கைத்தடியை ஊன்றியபடி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார் வீட்டுக்காரரின் மனைவி.

"ரெண்டுமே நிஜம்தாங்க. அந்த சீட்ல ஒருத்தரையும் உட்கார விடமாட்டார், அது எனக்காம். சாமானுக்குக்கூட பக்கத்துல பெட்டி மாட்டினார். ஆனா ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும், 'அடுத்த தடவை நீயும் வா'ம்பார். போன மாசம் ரிட்டயர் ஆனதும், 'வா, ஏறு'ன்னார்." தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். "இந்தக் காலைத் தூக்க முடியலைங்க."

வீட்டுக்காரர் இன்ஜினை அணைத்தார். சாவியை வியாபாரியின் உள்ளங்கையில் வைத்தார்.

"வாங்குறவர்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. முதல்ல பின் சீட் தேயணும்."