அரைச் செங்கல்

சாவியைக் கொடுக்கும்போதே வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பாம்புச்செவி, சத்தம் மட்டும் ஆகாது, பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று.

அவன் பார்த்து நடந்துகொண்ட லட்சணம் இதுதான். குடிவந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஷெட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கி, கம்பெனி போட்டிருந்த சைலன்சரைக் கழற்றிப் போட்டான். வாங்கி வைத்திருந்த புதுசு, சீறுகிற ரகம்.

"ஊர் உலகத்துல சத்தத்தைக் குறைக்கத்தான் சைலன்சர் மாட்டுவாங்க," என்றாள் மனைவி.

மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். நாலு வீடியோ பார்த்ததில் பாதி மெக்கானிக் ஆகிவிட்டதாக இவனுக்கு நினைப்பு. துருப்பிடித்த ஒரே ஒரு நட்டோடு மல்லுக்கட்டியே காலை போயிற்று. மத்தியானம் புதுக் குழாயை மாட்டி ஸ்டார்ட் பண்ணினான். ஷெட்டே அதிர்ந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் பாம்புச்செவி அம்மா நின்றிருந்தார். திட்டவில்லை. அவனைப் பார்க்கக்கூட இல்லை. புகை வரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவனுக்கு என்னவோ போலிருந்தது. வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று ஷட்டரை இழுத்து மூடினான். குழாய் சேருகிற இடத்தில் எங்கோ புகை கசிந்தது. எங்கே என்று பார்க்க, இன்ஜினை ஓடவிட்டபடியே வண்டிக்கு அடியில் புகுந்தான்.

பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தால், ஷட்டர் அரைச் சாண் தூக்கியிருந்தது. அடியில் ஒரு அரைச் செங்கல். ஒரு பக்கம் நீலப் பெயின்ட்.

மனைவியைக் கேட்டான். மாடியை விட்டு இறங்கவே இல்லை என்றாள். மதிலருகே யாரும் இல்லை. செங்கல்லை எடுத்து எதிரே இருந்த காலி மனையில் வீசினான்.

அடுத்த ஞாயிறு, கசிந்த இடத்தில் கேஸ்கெட் மாற்றினான். ஷட்டரை மூடினான், ஸ்டார்ட் பண்ணினான், அடியில் படுத்தான். கொஞ்ச நேரத்தில் தரையில் ஒரு கோடு வெயில் விழுந்தது. திரும்பிப் பார்த்தான்.

அதே செங்கல். அதே நீலப் பெயின்ட்.

அன்று சாயங்காலம் மனைவி கடையிலிருந்து வெளுத்த முகத்தோடு வந்தாள்.

"நமக்கு முன்னாடி இங்க இருந்தவர் செத்துப் போயிட்டாராம். அந்த ஷெட்லயேதான். வண்டிக்கு அடியில கிடந்தாராம்."

"யார் சொன்னது?"

"முனைக் கடைக்காரர். எப்படின்னு கேட்டேன். மீதிச் சில்லறையைக் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டார்." குரலைத் தாழ்த்தினாள். "வீட்டை மாத்திடலாங்க. அவர்தான் திறக்கறார்."

"செத்தவருக்குச் செங்கல் எதுக்கு?" என்று சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க அந்த நீலப் பெயின்ட்தான் கண்ணுக்குள் நின்றது.

பயந்தவன் வேலையை விட்டிருக்க வேண்டும். இவன் பூட்டு வாங்கினான். அதற்கடுத்த ஞாயிறு ஷட்டரை மூடி, உள்பக்கம் பூட்டினான். பேயோ பாம்புச்செவியோ, இனி யார் தூக்குகிறார்கள் பார்க்கலாம்.

இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. கசிவு அவன் முகத்துக்கு நேர் மேலே இருந்தது. ஸ்பேனரை வைத்துத் திருகினான். தலை வலித்தது. ராத்திரி தூங்காததுதான் என்று நினைத்தான். ஸ்பேனர் கனத்தது. கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

அப்போது ஷட்டரை யாரோ இடித்தார்கள்.

தட்டவில்லை, இடித்தார்கள். தகரம் முழுக்க நடுங்கியது. முன்னால் இருந்தவர் தன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எழுந்து திறந்துவிடுவதுதான் மரியாதை என்றுகூடத் தோன்றியது. கை கால் எதுவும் அவன் சொன்னதைக் கேட்கவில்லை.

கண் விழித்தபோது வாசலில் வெயிலில் கிடந்தான். குமட்டியது. மனைவி அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருப்பதாக யாரோ சொன்னார்கள். ஷட்டரின் ஒரு ஓரம் நெம்பிக் கிழிந்து கிடந்தது. பக்கத்தில் பாம்புச்செவி அம்மா மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு கடப்பாரை. மடியில் நீலப் பெயின்ட் அடித்த அரைச் செங்கல்.

"நீங்கதானா..." என்றான்.

"ஷட்டரை மூடிட்டு வண்டியை ஓடவிட்டா, புகை போக வழியில்ல தம்பி. தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும்."

மனைவிக்கு அழுகையோடு கோபமும் வந்தது. "இவ்வளவு தெரிஞ்சவங்க, திருட்டுத்தனமா கல்லு வைக்காம, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அந்த அம்மா செங்கல்லைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்த வாசல்ல நின்னு ஒரு தடவை வாயைத் திறந்திருக்கேம்மா. சத்தம் தாங்க முடியல, ஷட்டரை மூடிக்கிட்டு வேலையைப் பாருன்னு சொன்னேன். தங்கமான பிள்ளை. மறுபேச்சு பேசாம மூடிக்கிட்டான்."